உப்பும் உயிரும்

முன்னுரை

தூத்துக்குடிக் கடல் நமக்கு இருவகை வெண்பொருள்களை ஈந்தது. ஒன்று முத்து; மற்றொன்று உப்பு. கொற்கை முத்தின் பெருமையைச் சங்கப் பாடல்களாலும் பிறநாட்டார் குறிப்புக்களாலும் அறிகின்றோம். ஆயினும் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு இக்கரையில் ஓய்ந்தது. உப்போ இன்றளவும் ஓயவில்லை. இந்திய மாநிலங்களுள் உப்பு விளைவிப்பதில் குஜராத்திற்கு அடுத்து நிற்பது தமிழ்நாடு. அத் தமிழ்நாட்டினுள் முதல் நிற்பது தூத்துக்குடி மாவட்டம். முத்துச் செல்வர் கழுத்தை அடைந்தது. உப்பு ஏழையர் கலத்தையும் அடைகின்றது. இரண்டனுள் எது பெரிதென வினவின், உப்பே என்று துணிந்து கூறுவேன்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் முதுமொழி. "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது மற்றொன்று. சம்பளம் என்னும் சொல்லையே சம்பா நெல்லும் அளத்து உப்பும் எனப் பிரித்துப் பொருள் காண்பாரும் உளர். நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாடு சென்று நெல்லுக்கு மாற்றிய உமணரைச் சங்கப் புலவர் பாடினர். இயேசு பெருமானும் தம் சீடரை உப்பிற்கு ஒப்பிட்டார். இவ்வாறு உப்பைப் போற்றினார் பலர். அதன் அளவைப் போற்றியவர் திருவள்ளுவர். காமத்துப்பாலிற் புலவியின் இயல்பைக் கூறவந்த அவர், ஊடல் அளவோடு அமைதல் உணவில் உப்பு அமைதல் போலும் என்றும், சிறிது மிகினும் உப்பு மிக்க உணவே போலும் என்றும் உரைத்தார். இக் கட்டுரை அவ்வளவைப் பற்றியதே ஆகும்.

மருத்துவம் பயிலாத தமிழ் மாணவன் உடல்நலத்தைப் பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. அதனை உரிய இடத்திற் கூறுவேன்.

உப்பின் பிறப்பு

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புப் பொருள்கள் கரைந்துள்ளன. வடகீழ்ப் பருவமழை நீங்கிய பின்னர், கடல்நீரையும் நிலத்தடி உவர்நீரையும் பாத்திகளிற் பாய்ச்சி வெயிலிற் காய விடுவர். நீர் வற்ற வற்ற உவர்ப்பு ஏறும். முதலிற் சுண்ணச் சத்துக்கள் படியும். போமே அளவையில் ஏறக்குறைய 25 பாகையை எட்டிய பின்னரே, நாம் உண்ணும் சோடியம் குளோரைடு படிகம் படிகமாகத் தோன்றும். அதனை வாரிக் குவித்த பின் எஞ்சும் நீர் மக்னீசியச் சத்து மிக்குக் கசக்கும். அதனை வடித்து விடுவர். இங்ஙனம் விளைந்த உப்பில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு சோடியம், எஞ்சியது குளோரின்.

இவ்வளவு எளிதாக எழுதிவிட்டேன். அவ்வேலையோ எளிதன்று. மேலே ஞாயிறு காய்கின்றது. கீழே வெள்ளிய உப்பு அவ்வொளியை முகத்தில் எறிகின்றது. உவர்நீரில் நாள் முழுதும் நிற்கும் கால்கள் வெடிக்கின்றன. ராஜம் கிருஷ்ணன் அம்மையார் 'கரிப்பு மணிகள்' என்னும் புதினத்தில் இவ் வாழ்வைத்தான் எழுதினார். உப்பள மக்களின் வீட்டிற் பிறந்தவனாதலின், யான் அப் புதினத்தைப் படிப்பதற்கு முன்னரே அறிந்திருந்தேன்.

உயிர்க்கு உப்பு வேண்டும்

உப்பு உடலுக்குப் பகை என்று எவரும் கருதற்க. நரம்பு செய்தியைக் கடத்துவதற்கும், தசை சுருங்குவதற்கும், இரத்தத்தின் நீரளவு நிலைபெறுவதற்கும் சோடியம் இன்றியமையாதது. வாந்தியாலும் பேதியாலும் உடல் நீரை இழக்கும்பொழுது உப்பையும் உடன் இழக்கின்றது. அந்நிலையில் வெறும் நீர் மட்டும் போதாது.

1971ஆம் ஆண்டில் வங்காளதேசப் போரின்போது, மேற்கு வங்கத்துப் பன்காவ் என்னும் எல்லையூரில் அகதிகள் முகாமிற் காலரா பரவிற்று. ஊசிவழிச் செலுத்தும் மருந்துநீர் தீர்ந்து போயிற்று. திலீப் மகலனாபிஸ் என்னும் மருத்துவர் உப்பும் சர்க்கரையும் சோடா உப்பும் கலந்த நீரைப் பெரிய கலங்களில் நிரப்பி, நோயுற்றோர்க்கு உறவினரே புகட்டுமாறு செய்தார். அதனாற் சாவு பன்மடங்கு குறைந்தது. சர்க்கரையின் துணையைப் பெற்றே குடல் உப்பையும் நீரையும் விரைந்து உறிஞ்சும் என்பது அதன் நுட்பம். இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'ஓ.ஆர்.எஸ்.' என்னும் பெயரால் வழங்கும் பொடி அவ்வழியில் வந்ததே. ஆகவே, தக்க இடத்தில் உப்பு மருந்தாகும் என்பது தெளிவு.

எனின், எவ்வளவு வேண்டும்? வளர்ந்த ஒருவர் நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உண்ணுதல் நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அஃது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி அளவு. சமையலில் இடுவது, ஊறுகாயில் உள்ளது, கடையிற் கிடைக்கும் பண்டங்களில் மறைந்திருப்பது ஆகிய யாவும் சேர்ந்த அளவு அது. சிறுவர்க்கு இதனினும் குறைவே போதும். ஆனால் உலக மக்கள் சராசரியாக உண்பது ஏறக்குறைய 10.8 கிராம். நம் நாட்டில் 2017-18இல் நடைபெற்ற தேசியக் கணக்கெடுப்பு, இந்தியர் சராசரியாக 8 கிராம் உண்கின்றனர் எனக் காட்டிற்று, ஆடவர் 8.9, மகளிர் 7.1. வேண்டும் அளவைக் கடந்தே உண்கின்றோம் என்பதில் ஐயமில்லை.

மிகையால் வரும் கேடு

உப்பளத்துப் பாத்தியை நினைத்துக்கொள்க. வரப்புத் தாங்கும் அளவிற்கே நீர் பாய்ச்சுவர். மிகுதியாகப் பாய்ச்சின் வரப்புக் கரையும், நாளடைவில் உடையும். நம் உடலிலும் இதுவே நிகழ்கின்றது. சோடியம் எங்கு மிகுகின்றதோ அங்கு நீர் தங்கும். சிறுநீரகங்கள் மிகையான சோடியத்தை வெளியேற்ற முயலும். இயலாதவிடத்து இரத்தத்தின் நீரளவு பெருகும். அதனைத் தள்ளும் இதயம் மிகை உழைப்பிற்கு உள்ளாகும். தமனிகளின் சுவர் ஓயாத அழுத்தத்தால் தடித்து இறுகும். இறுகிய குழாயில் அழுத்தம் மேலும் ஏறும். இறுதியில் மூளையிலோ, இதயத்திலோ, சிறுநீரகத்திலோ வரப்பு உடைகின்றது. மூளையில் உடைந்தாலும் அடைத்தாலும் அதனைப் பக்கவாதம் என்கின்றோம்.

இரத்தத்திற்கு அழுத்தம் உண்டென்பதை 1733இல் ஆங்கிலேயப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் எழுதி வெளியிட்டார். அவர் ஒரு குதிரையின் தமனியோடு கண்ணாடிக் குழாயை இணைத்து இரத்தம் ஏறிய உயரத்தை அளந்தவர். 1896இல் இத்தாலியர் ரிவா-ரோச்சி கையிற் சுற்றும் பட்டையோடு கூடிய பாதரசக் கருவியை அமைத்தார். 1905இல் ரஷியர் கொரொட்கோவ், பட்டைக்குக் கீழே தமனியின் ஓசையைக் கேட்டு மேலளவு, கீழளவு என்னும் இரண்டையும் காணும் முறையைக் கண்டார். 120/80 என்பது நல்ல அளவு. பல முறை அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நிற்குமாயின் அது உயர் இரத்த அழுத்தம்.

அளக்கக் கற்றனரேயன்றி, அடக்க நெடுங்காலம் கற்றிலர். அமெரிக்கத் தலைவர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12ஆம் நாள் மூளையில் இரத்தம் பெருகி இறந்தார். அன்று அவருடைய அழுத்தம் 300/190. பெருநாட்டின் தலைவர்க்கும் அக்காலத்து மருத்துவர் தரக்கூடிய மருந்து மிகச் சிலவே. அந் நாட்டுட் டியூக் பல்கலைக்கழகத்து வால்ட்டர் கெம்ப்னர் என்பார், உப்பு ஏறத்தாழ இல்லாத அரிசியுணவும் கனியும் அளித்து நோயாளர் பலரின் அழுத்தத்தைத் தாழ்த்திக் காட்டினார். நம் முதன்மை உணவாகிய அரிசியின்மேற் பழியில்லை, அதனோடு சேர்வனவற்றின்மேலேயே பழி என்பதற்கு அது சான்று. 1949இற் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரின் பயனை ஆங்கில இதழில் வெளியிட்டு உலகின் கவனத்தை ஈர்த்தார். 1950களின் இறுதி தொட்டே இன்று வழங்கும் மாத்திரைகளின் முன்னோடிகள் ஒவ்வொன்றாக வந்தன.

உப்பிற்கும் அழுத்தத்திற்கும் உள்ள உறவை 32 நாடுகளில் 52 இடங்களிற் பதினாயிரத்திற்கு மேற்பட்ட மக்களிடத்து ஆராய்ந்து 1988இல் வெளியிட்டனர். உப்பை மிகச் சிறிதே உண்ணும் பழங்குடி மக்கள் வாழ்ந்த நான்கு இடங்களில், முதுமையிலும் அழுத்தம் ஏறவில்லை. "வயது ஏறின் அழுத்தமும் ஏறும், அஃது இயற்கை" என நாம் ஆறுதல் கூறிக்கொள்வது முற்றும் உண்மை அன்று என்பது இதனாற் புலனாகும். உடல் உழைப்பின்மை, உடற்பருமன், புகை, மது, மரபு ஆகியவையும் காரணங்களே. எனினும் நம் கையால் எளிதில் அளந்து குறைக்கத் தக்கது உப்பு ஒன்றே.

ஓசையின்றி வரும் பகை

இனி, முன்னர்ச் சொல்லாது விட்ட காரணத்தைக் கூறுகின்றேன்.

என் பாட்டியார் முள்ளக்காட்டைச் சார்ந்த உப்பளங்களில் முப்பது ஆண்டுகள் தலையில் உப்புச் சுமந்தவர். ஒரு நாளும் காய்ச்சல் என்று படுத்ததை யாம் கண்டதில்லை. யான் பத்தாம் வகுப்பிற் பயின்ற ஆண்டில், எங்கள் தெருவிற்கு வந்த செவிலியர் ஒருவர் அவர் கையிற் பட்டையைச் சுற்றி அளந்தார். 180/110 எனக் காட்டிற்று. செவிலியர் திடுக்கிட்டார், பாட்டியார் சிரித்தார். "தலைவலி கூட இல்லையே, எனக்கு என்ன நோவு?" என்பது அவர் வினா. எனினும் சுகாதார நிலையத்திற்குச் சென்று மாத்திரை வாங்கி வந்தார். திங்கள்தோறும் தவறாது சென்று வாங்கினார். யாம் மனநிறைவோடு இருந்தோம்.

ஏழாம் திங்கள், ஒரு விடியற்காலை, கருப்பட்டிக் காப்பிக் குவளை அவர் வலக்கையினின்று நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. ஏதோ சொல்ல முயன்றார், சொல் வரவில்லை. யாம் செய்தது யாது? வாயுப் பிடிப்பு என்றார் அயலார் ஒருவர். எண்ணெய் காய்ச்சித் தேய்த்தோம். படுக்க வைத்து, உறங்கி எழுந்தால் தெளியும் என்று காத்திருந்தோம். நண்பகலுக்குப் பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்த மருத்துவர் கடிந்து கூறவில்லை. "நான்கரை மணி நேரத்திற்குள் வந்திருப்பின், அடைப்பைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். கடிந்திருப்பின் இத்துணைத் துன்பம் இராது.

அன்று மாலை, மருந்தின் பெயரை மருத்துவர்க்குக் காட்டுவதற்காக வீட்டில் மாத்திரைகளைத் தேடினேன். அஞ்சறைப் பெட்டியின் பின்னே, ஒரு பழந்துணியிற் பொதிந்து, மாத்திரை அட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. முதல் திங்களுக்குரியவை தவிர ஒன்றும் பிரிக்கப்படவில்லை. பின்னர், இடக்கையின் சைகையாலும் குழறிய சொற்களாலும் பாட்டியார் விளக்கியது இது: நோவு இல்லாதபோது மருந்தை வீணாக்குவானேன்? உண்மையில் நோவு வரும் நாளுக்கென்று சேர்த்து வைத்தாராம்.

வாழ்நாள் முழுதும் அரிசியையும் காசையும் நாளைக்கென்று சேர்த்தே குடும்பத்தைக் காத்தவர் அவர். அந்த நற்பண்பே இங்குப் பகையாயிற்று. அவரை அறியாமையுடையார் என்று எவரும் கூற யான் ஒப்பேன். எல்லா நோயும் முதலில் வலியால் அறிவிக்கும் என்னும் பழம் பட்டறிவை நம்பினார், இந்நோயோ அறிவிப்பதில்லை. அதனை அவர்க்கு விளங்கச் சொல்லியிருக்க வேண்டியவன், பள்ளியில் இரத்த ஓட்டத்தைப் படம் வரைந்து மதிப்பெண் பெற்ற யானே. ரூஸ்வெல்ட்டுக்குக் கிட்டாத மருந்து எங்கள் அடுக்களையில் விலையின்றிக் கிடந்தது; உண்பார் இலர்.

இது எம் வீட்டுக் கதை மட்டும் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு 2023இல் வெளிவந்தது. வளர்ந்த இந்தியருள் நூற்றுக்கு 35.5 பேர்க்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு என அது காட்டிற்று. உலகில் இந்நோயுடையார் ஏறக்குறையப் பாதிப்பேர் தமக்கு அஃது உண்டென்பதையே அறியார்.

நம் கலத்தில் ஒளிந்த உப்பு

உப்பைக் குறைக்க விரும்புவோர் முதலில் அஃது எங்கிருந்து வருகின்றது என அறிதல் வேண்டும். மேனாடுகளிற் பெரும்பகுதி கடைப் பண்டங்களிலிருந்து வரும். நம் இல்லங்களிலோ பெரும்பகுதி நம் கையாலேயே விழுகின்றது. ஆதலின் குறைப்பதும் நம் கையிலேயே உள்ளது.

எளிய கணக்கு ஒன்றைக் காண்க. நால்வர் வாழும் வீட்டில் ஒருவர்க்கு 5 கிராம் வீதம் 30 நாளைக்கு வேண்டுவது 600 கிராம். ஒரு கிலோ உப்புப் பொட்டலம் ஒரு திங்களில் தீருமாயின், ஒருவர்க்கு 8 கிராமுக்கு மேல் விழுகின்றது என்பது பொருள். இதில் ஊறுகாயும் கருவாடும் சேரவில்லை. பொட்டலம் பிரித்த நாளை அதன் மேலேயே எழுதி வைத்தால், வீட்டின் உப்புக் கணக்கை எவரும் காணலாம். இதற்கு மருத்துவர் வேண்டா.

நம் கரையின் உணவிற் கருவாடு, மாசி, கூனிப்பொடி ஆகியவை இன்றியமையாதன. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் என்பனவும் அவ்வாறே. இவற்றை விலக்குக எனின் எவரும் கேளார், யானும் கேளேன். ஆனாற் கருவாட்டை நீரில் ஊறவைத்து இருமுறை கழுவி ஆக்கின் உப்பிற் பெரும்பகுதி நீங்கும். கருவாட்டுக் குழம்பிருக்கும் நாளில் ஊறுகாயும் அப்பளமும் வேண்டா. சோறு வடிக்கும்போது உப்பிடுதலை நிறுத்தலாம். கலத்தின் அருகே உப்புக் கிண்ணம் வைக்கும் வழக்கத்தை விடலாம். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு ஆகியவை உப்பின் குறையை மறைக்கும். உருளைக்கிழங்கு வறுவல், மிக்சர், உடனடி நூடுல்ஸ் போன்றவை மாணவர் விடுதிகளில் மலிந்துள்ளன. அவற்றின் உறையிற் சோடியத்தின் அளவு அச்சிடப்பட்டிருக்கும். அதனை இரண்டரையாற் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்.

ஒரே நாளிற் பாதியாகக் குறைப்பின் நா வெறுக்கும். சிறிது சிறிதாகக் குறைப்பின் சில கிழமைகளில் நா பழகிவிடும். முன்னைய உணவே பின்னர்க் கரிக்கும்.

வெயிலில் உழைப்போர் நிலை வேறோ எனச் சிலர் வினவுவர். வியர்வையால் உப்பு வெளியேறுவது உண்மையே. எனினும் அவர்க்கு முதற்கண் வேண்டுவது நீர். உப்பள மகளிர் பலர், மறைவிடம் இன்மையால் நீர் பருகுதலையே குறைத்துக்கொள்கின்றனர்; அதனாற் சிறுநீரகம் கெடும். அவர்க்கு உப்பைப் பற்றிய அறிவுரையினும், அளத்திற்கு அருகே குடிநீரும் நிழலும் கழிப்பறையும் அமைத்துக் கொடுத்தலே முதல் மருத்துவம் ஆகும்.

அயோடின் என்னும் நுண்பொருள்

நம் ஊரார் பலர், "கடலுப்பில் அயோடின் இயற்கையாகவே உண்டு, அளத்துக் கல்லுப்பே போதும்" என்பர். இது பிழை. கடல்நீர் ஒரு லிட்டரில் உள்ள அயோடின் ஏறக்குறைய 60 மைக்ரோகிராம் மட்டுமே. அது முழுதும் உப்பிலேயே தங்கியதாகக் கொள்ளினும், 5 கிராம் உப்பிற் பத்து மைக்ரோகிராம் அளவே தேறும். வளர்ந்த ஒருவர்க்கு நாள்தோறும் வேண்டுவதோ 150. கருவுற்ற மகளிர்க்கு 250. இக்குறையால் முன்கழுத்துக் கழலை தோன்றும். அதனினும் கொடியது, கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றுதல்.

இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1950களில் வே. இராமலிங்கசுவாமி முதலிய அறிஞர், அயோடின் கலந்த உப்பை வழங்கிக் கழலை குறைவதை நேரிற் காட்டினர். 1962இல் நாட்டளவில் கழலைத் தடுப்புத் திட்டம் தோன்றிற்று. 2006 மே 17 முதல், அயோடின் கலவாத உப்பை மக்கள் உண்பதற்கென விற்றல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அயோடின் காற்றிலும் வெப்பத்திலும் குறையக்கூடியது. ஆதலின் உப்பை மூடிய கலத்தில் அடுப்பிற்கு விலக்கி வைத்தல் வேண்டும்.

உப்பைக் குறைப்பின் அயோடினும் குறையாதோ எனின், பால், முட்டை, கடல்மீன் ஆகியவற்றாலும் அயோடின் பெறலாம். உப்பிற் கலக்கும் அளவை அரசு வேண்டியவாறு உயர்த்தவும் கூடும். இரண்டு நோக்கங்களும் ஒன்றற்கொன்று முரணல்ல என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

செய்யத் தக்கன

இனி, வீடுதோறும் செய்யத் தக்கவற்றைச் சுருக்கிக் கூறுவேன்.

முதலாவது, அளந்து பார்த்தல். முப்பது வயது நிரம்பியோர் நோவு இருப்பினும் இல்லாவிடினும் ஆண்டிற்கு ஒரு முறையேனும் அளத்தல் வேண்டும். அளப்பதற்கு முன் அரைமணி நேரம் காப்பியும் புகையும் கூடா. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையிற் படிந்து, கை இதயத்தின் மட்டத்தில் இருக்க, பேசாது அளத்தல் வேண்டும். ஒரு முறைக்கு இரு முறை அளப்பது நன்று.

இரண்டாவது, மருந்தை நிறுத்தாமை. மாத்திரை உண்டபின் அழுத்தம் சீரானது நோய் நீங்கியதால் அன்று; மாத்திரை அடக்கி வைத்ததால் ஆகும். குறைப்பதும் மாற்றுவதும் மருத்துவரின் செயல். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. அழுத்தமும் நீரிழிவும் உடையார்க்கு மாத்திரையை வீட்டிற்கே கொணர்வது அதன் நோக்கம். மாத்திரை வீடு வரை வரலாம். வாய் வரை செல்லுமாறு பார்ப்பது வீட்டிலுள்ளார் கடமை.

மூன்றாவது, மாற்று உப்பு. சீன நாட்டுச் சிற்றூர்கள் 600இல், ஏறத்தாழ 21,000 மக்களிடம், சோடியத்தில் ஒரு பகுதிக்கு ஈடாகப் பொட்டாசியம் கலந்த உப்பை வழங்கி ஐந்தாண்டு ஆராய்ந்தனர். பக்கவாதம் நூற்றுக்குப் பதினான்கு பங்கு குறைந்தது என 2021இல் அறிவித்தனர். எனினும் சிறுநீரகக் குறையுடையார்க்கும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் சில மருந்துகளை உண்பார்க்கும் இவ்வுப்புத் தீங்கு பயக்கும். மருத்துவரை வினவாது வாங்கற்க.

நான்காவது, பக்கவாதத்தின் குறிகளை அறிதல். முகம் ஒருபுறம் கோணல், ஒரு கை தாழ்ந்து விழுதல், பேச்சுக் குழறல் என்னும் மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினும், எண்ணெய் தேடற்க. உணவும் நீரும் புகட்டற்க. தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு 108 என்னும் எண்ணை அழைக்க. அடைப்போ இரத்தப் பெருக்கோ என்பதை மூளைப் படம் எடுத்தே அறிவர். ஆதலின் அவ்வசதி உடைய மருத்துவமனையை நேரே அடைதல் வேண்டும்.

முடிவுரை

1930ஆம் ஆண்டில் உப்பிற்காகத் தண்டிக்கு நடந்த காந்தியடிகள், தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தபோது மனைவியாரின் உடல்நலம் கருதித் தாமே உப்பை ஒழித்து உண்டவர். அதே ஆண்டில் இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியம் வரை நடந்ததும் அவ்வுப்பிற்காகவே. உப்பு ஏழைக்குக் கிடைத்தல் வேண்டும் என்பதும், கிடைத்ததை அளவறிந்து உண்ணல் வேண்டும் என்பதும் ஒருவரிடத்தே பொருந்தி நின்றன. உப்பு விளையும் ஊராராகிய நமக்கும் அவ்விரண்டும் பொருந்தும்.

என் பாட்டியார் இன்று கோலூன்றி நடக்கின்றார். வலக்கை இன்னும் முழுதும் எழவில்லை. பேச்சுப் பாதி திரும்பியுள்ளது. நாள்தோறும் காலையில் இடக்கையை நீட்டி மாத்திரையைக் கேட்டு வாங்குகின்றார். எங்கள் அடுக்களையில் உப்புப் பொட்டலத்தின் மேல் பிரித்த நாள் எழுதப்பட்டுள்ளது. சென்ற முறை அது நாற்பத்தைந்து நாள் வந்தது.

நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, உங்கள் வீட்டு முதியோரை அழைத்துச் சென்று ஒரு முறை அளந்து வாருங்கள். மாத்திரை உண்போராயின், அஞ்சறைப் பெட்டியின் பின்னே ஒரு முறை கை விட்டுப் பாருங்கள்.